நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கூலிம் தணிகையானின் ஏழு புத்தகங்களையும்
எடுத்துவிடச் சொல்லிக் கடிதம் வந்த வாரம்
ஜெலுத்தோங்கில் மழை விடவே இல்லை.
எங்கள் நூலகம் மாடியில். கீழே டயர்க் கடை.
ரப்பர் வாசத்தில்தான் இங்கே
எல்லாக் காதல்களையும் படித்து முடித்திருக்கிறோம்.

குழு கூடியது.
ஒரு தட்டு கரிபாப், ஆறு தே ஓ,
நடுவில் அந்தக் கடிதம்,
அதன்மேல் யாருடையதோ எண்ணெய் விரல்.

"மாம்பழம் தின்ன வந்தோம்,
மரத்தோட ஜாதகம் எதுக்கு?" என்றார் சவரிமுத்து.
"மரம் பள்ளிக்கூடத்துல
பிள்ளைங்களைத் தொடாது" என்றாள் பூவரசி.
"ஆள் செத்துப் பதினோரு வருசம்."
"அவர்கிட்ட படிச்சவங்க சாகலையே."
பிறகு கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.

மூன்றுக்கு மூன்று.
அவர் எழுதியதில் ஒரு வரியும் படித்திராத
தலைவர் ஏகாம்பரம்தான் வழி சொன்னார்:
பூட்டிய அலமாரி.
கேட்டால் கொடு. கொடுக்கும்போது
சர்ச்சைக்குரியது என்று சொல்லிக் கொடு.
சாவி என்னிடம் வந்தது.

நான் வாய் திறக்கவில்லை.
சம்பளக்காரிக்கு ஓட்டில்லை என்பது ஒரு காரணம்.
இன்னொன்று:
பதினாறு வயதில், சுங்கைப் பட்டாணி பேருந்தில்,
அவருடைய மூன்றாவது நாவலில்
தோட்டத்து மழை ஒன்றைப் படித்தேன்.
பால்வாளியை ஏந்தியபடி ஒரு பெண்
வாத்தியாரைப் பார்த்து நனைந்துகொண்டே சிரிக்கிறாள்.
அந்தப் பக்கத்தை நோட்டில் எழுதி வைத்தேன்.
அதற்குப் பிறகு எந்த மழையும்
எனக்கு அவர் சொன்னபடியேதான் பெய்கிறது.

நான்கு மாதம் யாரும் கேட்கவில்லை.
பிறகு ஒரு சனிக்கிழமை
பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி ஒருத்தி வந்தாள்.
ஐம்பது இருக்கும். கையில் பிளாஸ்டிக் மழைக்கோட்டு.
உறுப்பினர் பாரத்தில் பெயர் தவமலர்.
தொழில்: பிறை தொழிற்சாலை, இரவு ஷிப்ட்.
கையெழுத்து மட்டும்
கரும்பலகையில் எழுதியதுபோல் நிமிர்ந்து நின்றது.

"அந்த மழை வர்ற புத்தகம்" என்றாள்.
எது என்று நான் கேட்கவில்லை.
பூட்டைத் திறந்துகொண்டே
"இது சர்ச்சைக்குரியது" என்றேன், விதிப்படி.
"தெரியும்" என்றாள்.

ஒரு நாள் தாமதமாகத் திருப்பினாள்.
அபராதம் இருபது காசு.
ஐம்பது காசை வைத்துவிட்டு
மிச்சத்துக்கு நிற்காமல் படியிறங்கினாள்.

வரும் புத்தகங்களை உதறிப் பார்ப்பது வழக்கம்.
பேருந்துச் சீட்டு விழும், தலைமுடி விழும்,
ஒருமுறை காய்ந்த மீன்முள்.
இதிலிருந்து எதுவும் விழவில்லை.

நாற்பதாம் பக்கத்தில்
ஓர் ஒற்றுப்பிழையைப் பென்சிலால் திருத்தியிருந்தாள்.
நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

நூற்றுப் பன்னிரண்டில்
'சிரித்தாள்' என்பதன் கீழே மெல்லிய கோடு.
ஓரத்தில், அதே நிமிர்ந்த எழுத்தில்:
சிரிக்கவில்லை.

முன்னூறு பக்கத்தில் வேறெதுவும் இல்லை.
எத்தனை முறை தேடினேன் என்று கேட்காதீர்கள்.

மேசை இழுப்பறையில் ரப்பர் இருக்கிறது.
கிறுக்கலை அழித்த பிறகே
அலமாரியில் சேர்க்க வேண்டும், ஒன்பதாவது விதி.
எடுத்தேன்.
கீழே யாரோ டயரைக் கழற்றும் சத்தம், அந்த வாசம்.
கையிலிருந்ததும்
ஒரு காலத்தில் ஏதோ வாளியில் சொட்டியதுதானே என்று
தோன்றியது. உள்ளே போட்டு மூடினேன்.

கணினி கேட்கிறது.
புத்தகத்தின் நிலை: நல்லது, கிழிசல், கறை, கிறுக்கல்.
ஆசிரியர் என்ற கட்டத்தில்
ஒரு பெயருக்குத்தான் இடம்.
எதையும் அமுக்காமல் திரையைப் பார்த்திருக்கிறேன்.

வெளியே மழை.
எப்படிப் பெய்கிறது என்று கேட்டால்
இப்போது சொல்லத் தெரியவில்லை.

வியாழக்கிழமை மறுபடி குழு.
கரிபாப்புக்குச் சொல்லியாகிவிட்டது.
புத்தகம் என் மேசைமேல்,
பூட்டுக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.
சாவியை
எங்கே வைத்தேன் என்று தேட வேண்டும்.